ஆட்ட நாளில் பேசக்கூடாது

வடமேற்குக் காற்று ஏரியைக் கடந்து வந்தால் எங்கள் பக்கத்தில் பனி லேசில் விடாது. அந்த வாரம் திங்கட்கிழமை பிடித்தது. வழித்துக் குவிக்க இடமில்லாமல் தெருவெல்லாம் கொட்டித் தீர்த்தது. மார்லா புதன்கிழமை விடியுமுன்னே எழுந்து, வாசல் பனியைத் தள்ளி, காரைத் தோண்டி எடுத்து, எவ்லினின் பாஸ்டிக் கடைக்கு வேலைக்குப் போனாள்.

பாஸ்டி என்றால், மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு மூன்றையும் பொடியாக நறுக்கி மாவுக்குள் வைத்து மூடி, ஓரத்தைக் கயிறுபோல முறுக்க வேண்டும். முறுக்கு சரியாக விழாவிட்டால் அடுப்பில் வாய் பிளந்து சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். சுரங்கத்துக்கு இறங்கிய ஆண்கள் சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோன சாப்பாடு இது. சுரங்கம் மூடி வருசக்கணக்காகிவிட்டது. இருந்தும் ஊருக்கு நாக்கு மாறவில்லை.

எவ்லின் டர்னிப் நறுக்கிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"உன் புருஷனுக்கு யோகந்தான்டி. கோல்ல நின்ன அந்தச் சின்னப் பையனை மேல் அணிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாமே?"

"ஆமாக்கா. நேத்து காலைல பொறப்பட்டுப் போனான்."

"அப்ப ஞாயித்துக்கிழமை லைல்தான் கோல்ல. மூணு வருசமா பெஞ்சைத் தேய்ச்சு அவன் பேண்ட்டு பின்னால நைஞ்சு போயிருக்கும்ல? நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுடி. மேல இருந்து ஆளு வந்து பாக்குறாங்களாம்."

மார்லா சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது லைல் சமையலறையில் விளக்கைப் போடாமல் நின்றுகொண்டிருந்தான். காபித்தூளைக் கெட்டிலுக்குள் கொட்டியிருந்தான். "வெளிச்சம் கண்ணைக் குத்துது" என்றான். முந்தின நாள் மாலைப் பயிற்சியில் சொந்த அணிக்காரன் ஒருவன் வழுக்கி வந்து முழங்காலால் அவன் முகமூடியில் மோதியிருந்தான். லைல் எழுந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் வலைக்கு முன்னால் போய் நின்றானாம்.

லைல் ருவோனா இந்த ஊர்ப் பிள்ளை. ஐஸ் ஹாக்கியில் கோலில் நிற்பவன் கதை எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: அண்ணன்மார்கள் அடித்துப் பழக எதிரே ஓர் ஆள் வேண்டும், கடைக்குட்டியைப் பிடித்து நிறுத்துவார்கள். லைலுக்கு மட்டும் அது பிடித்துப்போனது. வலையைக் காக்கிறான் என்பதற்காகக் காலேஜ் படிப்பு அவனுக்கு இலவசமாகக் கிடைத்தது. அங்கே மூன்று வருசம் அவன் பார்த்த உத்தியோகம், தொப்பியைப் போட்டுக்கொண்டு பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்து, ஆடுகிறவர்கள் வந்து போகக் கதவைத் திறந்து மூடுவது. நாலாவது வருசம் முதல் ஆளுக்குக் குடல்வால் வெடித்தது. லைல் இறங்கினான். யாருமே எதிர்பாராத அந்த அணியைத் தோளில் சுமந்து அரையிறுதி வரை கொண்டுபோனான். அங்கே மூன்றாவது கூடுதல் நேரத்தில், பந்துக்குப் பதிலாக அடிக்கிற கறுப்பு ரப்பர் வில்லை சொந்த ஆளின் காலில் பட்டுத் திரும்பி அவன் கைக்கு அடியில் நுழைந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் இருக்கிறார்களே, அவன் தடுத்த ஆயிரத்தைப் பேச மாட்டார்கள். அந்த ஒன்றைத்தான் இன்றைக்கும் மது விடுதியில் வைத்து உருட்டுவார்கள்.

அதன் பிறகு கான்சாஸ், ஜார்ஜியா, டெக்சாஸ், அலாஸ்கா. சிறிய அணிகள், நீண்ட பஸ் பயணங்கள், ஐஸை விஸ்கியில் மட்டும் பார்த்திருக்கிற ஊர்களில்கூட ஆட்டம். மார்லா கூடவே அலைந்தாள். அந்தந்த ஊர் கடைகளில் வேலை பார்த்தாள். உச்சியில் இருக்கும் பெரிய அணிகளில் ஒருநாள், ஒரே ஒருநாள், சட்டையைப் போட்டு நிற்க வேண்டும் என்பது அவன் ஆசை. மற்றவர்கள் வீடு வாங்கினார்கள், பிள்ளை பெற்றார்கள். இவர்கள் அந்த ஒருநாளுக்காகக் காத்திருந்தார்கள். சொந்த ஊரிலேயே ஓர் அணி வந்தபோது திரும்பி வந்து, லைலின் அப்பா ரெய்னோவின் வீட்டில் தங்கினார்கள். அது நடந்து மூன்று வருசம். இப்போது லைலுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து மாடிப்படி ஏறினால் சத்தம் கேட்கும். வயது முப்பத்திரண்டு ஆகியிருந்தது.

இதில் செப்டம்பர் மாதத்துக் காரியம் ஒன்று உண்டு. பருவம் தொடங்குமுன் எல்லா ஆட்டக்காரர்களையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து மூளைக்கு ஒரு டெஸ்ட் வைப்பார்கள். சொற்கள் வரும், படங்கள் வரும். பிறகு எவையெல்லாம் வந்தன என்று கேட்கும். பின்னால் தலையில் அடிபட்டால் மறுபடி அதே டெஸ்ட். மதிப்பெண் குறைந்திருந்தால் ஆட விட மாட்டார்கள். ஆட்டக்காரர்கள் முட்டாள்களா? செப்டம்பரிலேயே வேண்டுமென்று தப்பாகப் போட்டு வைத்துவிடுவார்கள். கான்சாஸில் லைல் இதை நேர்மையாக எழுதினான். அந்தக் குளிர்காலம் அடிபட்டது, டெஸ்ட் காட்டிக்கொடுத்தது, ஒரு மாதம் உட்கார வைத்தார்கள். அதற்குள் வேறொருவன் வந்து வலையைப் பிடித்துக்கொள்ள, லைலை அனுப்பிவிட்டார்கள். அந்த அனுபவத்தில் மார்லாதான் இந்தத் தடவை சொன்னாள், "மடையன் மாதிரி போட்டுட்டு வா" என்று. சொன்னதோடு நிற்காமல் பழக்கியும் விட்டாள். சாப்பாட்டு மேசையில் பத்துச் சொல் படிப்பாள்; அவன் ஐந்து மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறாவதைச் சொல்லிவிட்டால், "இன்னைக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது" என்று தட்டைப் பிடுங்குவாள். மறக்கப் பழகுவது சிரமம். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

வியாழக்கிழமை மாலை லைல் துள்ளிக்கொண்டு வந்தான். அணியில் காயம் கட்டுகிற ப்ரூஸ் டெஸ்ட் வைத்திருந்தான்.

"பாஸ்! செப்டம்பர்ல எப்படியோ அப்படியே இருக்காம். மயிரிழைகூட மாத்தம் இல்லன்னு ப்ரூஸ் சொன்னான்."

மார்லாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த கேள்வி அவள் வாயிலிருந்து தானாகவே வந்தது.

"இந்தத் தடவயும் வேணும்னேதான தப்பா போட்ட?"

லைல் கையுறையைக் கழற்றிக்கொண்டே யோசித்தான்.

"போட்டிருப்பேன்னுதான் நெனைக்கிறேன்" என்றான்.

வெள்ளிக்கிழமை, ரெய்னோ சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு போடப் போன நேரம் பார்த்து, மார்லா அவனை மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள். திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"பத்து சொல்லு சொல்லப்போறேன். இந்தத் தடவ நடிக்கக் கூடாது. எல்லாத்தையும் சொல்லணும்."

"இப்ப எதுக்குடி இது?"

"எனக்காக."

படகு, உப்பு, தாத்தா, ஏணி, கோதுமை என்று தொடங்கிப் பத்தையும் மெதுவாகப் படித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"படகு. உப்பு..." நெற்றியைத் தேய்த்தான். "ஏணி. கோதுமை. அப்புறம் மணி."

"மீதி?"

"அவ்ளோதான்."

"நடிக்காத லைல்."

"நடிக்கலடி! அவ்ளோதான் இருக்கு!" மேசையில் ஓங்கிக் குத்தினான். கல்யாணமான இத்தனை வருசத்தில் அவன் மார்லாவிடம் குரல் உயர்த்தியதில்லை. அடுத்த நொடியே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டே நாளு மார்லா. ஞாயித்துக்கிழமை ஒண்ணு. அதுக்கப்புறம் நீ படுன்னு சொன்னா ஒரு வருசம் படுத்துக் கெடக்குறேன். யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாத."

"செத்துப்போயிடுவ."

"கதவைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு இருந்தேனே, அது மட்டும் என்னவாம்?"

 அவனைக் கெடுத்தது டெஸ்ட் அல்ல, தான்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது. ஐந்து சொல் என்று அளவு வைத்தவளே அவள்தான்.

சனிக்கிழமை சூடாக நாலு பாஸ்டியைத் தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அரங்குக்குப் போனாள். ப்ரூஸின் அறையில் தைல வாடையும் வியர்வை வாடையும் கலந்து அடிக்கும். ப்ரூஸ் நல்லவன். டாக்டர் இல்லை, ஆனால் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வா வா. கெச்சப் கொண்டாந்தியா, இல்ல உங்க மாமனார் மாதிரி கிரேவிதான் ஊத்தணும்னு சட்டம் பேசுவியா?"

"ப்ரூஸ், லைலுக்கு உடம்பு சரியில்ல."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "என்ன பண்ணுது?"

"வெளிச்சம் ஆகல. மறக்குறான்."

"எல்லாருக்கும் ரெண்டு நாளு அப்படி இருக்கும். ஆனா டெஸ்ட்டுல ஒண்ணுமே காட்டலயே மார்லா. எனக்கு அந்தக் காகிதந்தான் கண்ணு." அவன் அவளை உற்றுப் பார்த்தான். "எனக்குத் தெரியாத சங்கதி ஏதாவது இருக்கா? இருந்தா சொல்லு. சொல்லிட்டா நான் கேக்காத மாதிரி இருக்க முடியாது. ஒடனே மேல சொல்லியாகணும்."

கண்ணாடிக்கு அப்பால் ஐஸில் லைல் நின்றான். யாரோ ஏதோ கேலி சொல்ல, முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டு சிரித்தான். காலேஜில் பார்த்த அதே சிரிப்பு. ஒன்பது வருசமாக அவள் அதைப் பார்க்கவில்லை. மார்லா சொல்ல வந்ததை மென்று விழுங்கினாள்.

"ஒண்ணும் இல்ல" என்றாள். "ஆறிடப்போகுது, சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை மதிய ஆட்டம்.

ஆட்ட நாளில் கோல்கீப்பரிடம் பேசக்கூடாது. இது எங்கள் பக்கத்து எல்லா வீடுகளிலும் உள்ள வழக்கம். அவன் கேட்டால் பதில் சொல்லலாம். நாமாக வாயைத் திறக்கக் கூடாது. தலைக்குள் அவன் ஏதோ அடுக்கிக்கொண்டிருக்கிறான், நாம் போய்க் கலைத்துவிடக் கூடாது என்பது கணக்கு. ரெய்னோ இந்த விசயத்தில் பாதிரியாரைவிடக் கண்டிப்பு. லைல் பள்ளிக்கூடத்தில் ஆடத் தொடங்கிய நாளிலிருந்து, ஆட்ட நாளில் வீட்டு டெலிபோன் மணியையே பஞ்சு வைத்து அடைத்துவிடுவார். லைலின் அம்மாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனதும் ஓர் ஆட்ட நாள்தான். ஆட்டம் முடிந்த பிறகுதான் அவனிடம் சொன்னார்கள்.

அன்று காலை லைல் ஓட்ஸ் கஞ்சியின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கரண்டியை எடுத்தான், வைத்தான். பூட்ஸைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்று பார்த்தான், கழற்றினான், மறுபடி அப்படியே போட்டான். மார்லா, "லை..." என்று ஆரம்பித்தாள். ரெய்னோ அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். உதட்டில் விரலை வைத்தார். லைல் எழுந்து சவுனாப் பக்கம் போனபோது அவர் கிசுகிசுத்தார்.

"நல்லா உள்ள போயிட்டான் பாத்தியா? இப்படி நான் அவனப் பாத்ததே இல்ல. இன்னைக்கு ஒண்ணு நடக்கும்."

"மாமா, அவன் பூட்ஸை மாத்திப் போட்டான்."

"அந்தக் காலத்துல தேவாலயத்துக்குக்கூட அப்படிப் போயிருக்கான். நீ வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரும்மா. இன்னைக்கு ஒரு நாளு."

காரை மார்லாவே ஓட்டினாள். வழி முழுக்க யாரும் பேசவில்லை. பனி வண்டி குவித்த மேடுகள் இரண்டு பக்கமும் கூரை உயரம் நின்றன.

அரங்கம் நிரம்பியிருந்தது. ஈரக் கம்பளி வாடை, பாப்கார்ன் வாடை, பியர் வாடை. ரெய்னோ இரண்டு மேலங்கி போட்டு உட்கார்ந்திருந்தார். மேல் அணியிலிருந்து வந்தவர் சாம்பல் நிறக் கோட்டுடன் மேல்வரிசையில் தனியாக இருந்தார். ஊரே அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று லைல் ஆடினான் பாருங்கள், அதை எப்படிச் சொல்வது! உடம்புக்குத் தனி மூளை இருந்தது. முழங்காலை மடக்கி விழுவதும், காலில் கட்டிய பேடால் தட்டுவதும், படுத்தபடியே கையை நீட்டிக் காற்றில் பறிப்பதுமாக, அவன் உடம்பு அவனைக் கேட்காமலே எல்லாவற்றையும் செய்தது. தெற்கேயிருந்து வந்த அணிக்காரர்கள் அடித்து அடித்து ஓய்ந்தார்கள். முதல் பகுதி முடிந்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை.

இரண்டாம் பகுதிக்கு அணிகள் பக்கம் மாற வேண்டும். லைல் வந்து பழைய வலைக்கே போனான். அதன் முன்னால் ஐஸைக் காலால் சுரண்டிச் சொரசொரப்பாக்கத் தொடங்கினான். எதிர் அணியின் கோல்கீப்பர் வந்து காத்து நின்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"எதிராளிக்கும் சேத்து இவனே காவல் காக்குறான்டோய்!" என்று யாரோ கத்தினார்கள். ரெய்னோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். எதிர் அணிக்காரன் லைலின் பேடில் மட்டையால் செல்லமாகத் தட்டி, அந்தக் கோடியைக் காட்டினான். லைல் அவனைப் பார்த்தான், அந்தக் கோடியைப் பார்த்தான், பிறகு போனான்.

மார்லா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த இடைவேளையில் படியிறங்கி உடை மாற்றும் அறைக்கு ஓடினாள். வாசலில் நின்ற ஆள் குறுக்கே கையை நீட்டினார்.

"நீங்களே இப்படி வரலாமாம்மா? உள்ள யாரும் அவர்கிட்ட மூச்சுகூட விடல. ரெண்டு பக்கமும் எடம் விட்டு உக்காந்திருக்காங்க. இப்ப எவ்ளோன்னு தெரியும்ல?"

கோல் எதுவும் விடாமல் ஒருவன் ஆடிக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்லக்கூட மாட்டார்கள், சொன்னால் கலைந்துவிடும். எந்தக் காலத்திலோ, எந்த மடையனோ தொடங்கி வைத்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் இருபது பேர் இருந்தார்கள். ஒருவன், ஒரே ஒருவன், "இன்னைக்கு என்ன கிழமைடா லைல்?" என்று கேட்டிருந்தால் போதும். கோல்கீப்பரின் பெண்டாட்டிக்கு வழக்கம் தெரியும். மார்லா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கடைசிப் பகுதியில் லைலின் அணி ஒரு கோல் போட்டது. கடைசி நிமிடங்களில் எதிர் அணி மொத்தமும் வலைக்கு முன்னால் குவிந்தது. மட்டைகளும் கால்களும் உடம்புகளும் லைலின் மேல் விழுந்தன. குவியலுக்கு அடியிலிருந்து அவன் கையுறை மட்டும் வெளியே வந்தது, கறுப்பு வில்லையைப் பிடித்தபடி. ஆட்டம் முடிந்த சங்கு ஒலித்தது. தலைக்கு மேல் தொப்பிகள் பறந்தன. ரெய்னோ முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "என் மகன்" என்றார். "அது என் மகன்யா."

மார்லாவும் ரெய்னோவும் இறங்கி வந்தபோது சாம்பல் கோட்டுக்காரர் அறைக்கு வெளியே கையுறையைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். ப்ரூஸ் கதவைப் பாதி திறந்து மார்லாவை மட்டும் உள்ளே இழுத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"எல்லாரையும் குளிக்க அனுப்பிட்டேன். அவன் பேடைக் கழட்ட மாட்டேங்கிறான். நீ என்னன்னு பாரு."

லைல் தன் இடத்தில் முழு உடுப்போடு உட்கார்ந்திருந்தான். முகமூடி மடியில் இருந்தது. வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. முன்னால் குனிந்து, தரையை வெறித்து, உதடு அசைய எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். மார்லா அருகில் போனாள். அவன் நிமிராமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். பேசாதே என்று அர்த்தம். ஆட்டத்துக்கு முன்னால் அவன் எப்போதும் அப்படித்தான்.

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. 

வெளியே வந்தாள். ப்ரூஸ் பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் படபடத்தான்.

"களைப்புதான். தண்ணி வத்திப்போனா இப்படி ஆகும். நாளைக்குச் சரியாயிடும். மேல இருந்து வந்தவருகிட்ட நாளைக்குப் பேசலாம்னு சொல்லிடுறேன். காகிதம் சுத்தமா இருக்கு மார்லா, அதை மறந்துடாத."

இப்போதும் வாயை மூடிக்கொள்ளலாம். லைல் ஆசைப்பட்ட அந்த ஒருநாள் கைநீட்டுத் தூரத்தில், சாம்பல் கோட்டோடு நின்றது.

"அந்தக் காகிதம் பொய்" என்றாள் மார்லா. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள். "செப்டம்பர்ல அவனைத் தப்பா எழுத வெச்சது நான்தான். ஒக்கார வெச்சுப் பழக்கினேன். அவனுக்குச் செவ்வாக்கிழமையிலிருந்தே தலை சரியில்ல. முந்தாநாளே எனக்குத் தெரியும். ஆம்புலன்ஸைக் கூப்பிடு ப்ரூஸ்."

ப்ரூஸ் டெலிபோனுக்கு ஓடினான்.  சாம்பல் கோட்டுக்காரர் கையுறையை மெதுவாகப் போட்டுக்கொண்டார். "நல்ல ஆட்டம்" என்று ரெய்னோவிடம் சொல்லிவிட்டு, நடைக்கூடத்தின் கோடிவரை போய் மறைந்தார்.

ரெய்னோ மார்லாவை ஏறிட்டுப் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"காலைல நீ சொல்ல வந்த. நான்தான் கையைப் புடிச்சேன்" என்றார்.  கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மகனுக்கு முன்னால், தரையில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரில் மண்டியிட்டார். ஆட்ட நாளில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவனிடம் வாயைத் திறந்தார்.

"லைல். கண்ணு. எந்திரிடா, போலாம்."

லைல் திடுக்கிட்டு நிமிர்ந்தான். "அப்பா? என்னப்பா நீ, ஆட்ட நாள்ல வந்து..."

"ஆட்டம் முடிஞ்சுபோச்சுடா."

லைல் தன் நனைந்த சட்டையைப் பார்த்தான். கையைப் பார்த்தான். பேடில் பட்டிருந்த கறுப்புத் தழும்புகளைத் தடவிப் பார்த்தான். பிறகு, சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்கும் அதே கேள்வியைக் கேட்டான்.

"எத்தன விட்டேன்?"

"ஒண்ணுகூட விடலடா. ஒண்ணுகூட உள்ள போகல."

அப்பாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மார்லா சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். லைல் ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்வையை மாற்றி மாற்றிப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"அவ்ளோ மோசமாவாப்பா ஆடிட்டேன்?" என்றான்.